தொண்ணூறு சதக் கத்தரிக்காய்

ஐம்பத்திரண்டு வயதில் நான் தோட்டம் செய்யப் போனேன். கேள்விப்பட்டவர்கள் எல்லாம், ஊரில் தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கொத்திய குடும்பமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையில் அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எங்கள் வீட்டில் இருந்த ஒரே செடி, அம்மா வாளியில் நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துபோன ஒரு குரோட்டன். அதுவும் ஒரு பங்குனி மாதம் செத்துப்போனது.

ரொறன்ரோவுக்கு வந்தபிறகு பத்தொன்பது வருடம் மரக்கறி லொறி ஓட்டினேன். மொத்தச் சந்தையில் பெட்டிகளை ஏற்றி மில்லிக்கன், மல்வேர்ன், மோர்னிங்சைட் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் இறக்குவது வேலை. கோடை காலத்தில் நகரத்துக்கு வடக்கே சிறு தோட்டம் செய்யும் நம்மவர்களிடமும் பெட்டிகளை ஏற்றி வருவேன். கடைக்காரர் வேண்டாமென்றால் அதே பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். "வாடிப்போச்சாம் அண்ணை, எடுக்க மாட்டினமாம்" என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் ஏறிப் போய்விடுவேன். சில நாட்களில் ஒரு புத்திமதியும் சொல்வேன். "உங்களுக்கு விலை பேசத் தெரியேல்லை அண்ணை. அதுதான் பிரச்சினை." அந்தப் புத்திமதிக்கு நான் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இன்றைக்கு நிறையப் பேருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

கம்பனியை மூடியபோது கையில் கொஞ்சம் காசு கொடுத்து அனுப்பினார்கள். அதை வைத்துக்கொண்டு, நகரத்துக்கு வடக்கே ஸ்டூவில் என்ற ஊர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்தேன். என்றைக்கோ வீடுகள் கட்டுவதற்காக ஒரு கட்டடக் கம்பனி வாங்கிப் போட்டிருந்த நிலம் அது. கட்டும்வரைக்கும் துண்டு துண்டாக, வருடம் வருடமாக வாடகைக்கு விட்டார்கள். ஏற்கனவே மூன்று தமிழ்க் குடும்பங்கள் அங்கே தோட்டம் செய்துகொண்டிருந்தன. அந்த மூன்று பேரிடமும் நான் முன்பு பெட்டி ஏற்றியிருக்கிறேன். திருப்பியும் இறக்கியிருக்கிறேன்.

கத்தரிக்காய் போடுவதென்று முடிவெடுத்தேன். ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு கன்று, கன்றுக்கு ஆறு இறாத்தல் காய், கடையில் இறாத்தல் நாலு டொலர். பெருக்கினால் இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு டொலர். என் மனைவி யோகமலர் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்வரைகூட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

"ரெண்டு வருசம் செய்தால் மில்லிக்கனில தனி வீட்டுக்கு முற்பணம் கட்டலாம், யோகா."

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாலு டொலர் கடைக்காரன் விக்கிற விலையெல்லோ? அவன் உங்களிட்டை என்ன விலைக்கு வாங்குவான்?"

"அது பேசிறதில இருக்கு."

"ஓம், நீங்கள் பேசுவியள்" என்றாள். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூடச் சம்பள உயர்வு கேட்டிராத மனிதனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. எனக்கு அப்போது அது பாராட்டாகக் கேட்டது.

பங்குனி முழுவதும் எங்கள் பேஸ்மென்ற்றில் விளக்குப் போட்டுக் கன்று வளர்த்தேன். மே மாதம் எட்டாம் திகதி வெயில் நன்றாக எறித்தது. மற்ற மூவரும் இன்னும் நிலத்தை உழுதுகொண்டுதான் இருந்தார்கள். நான் முந்திக்கொண்டேன். இரண்டு நாள் முழங்காலில் நின்று ஆயிரத்து இருநூறு கன்றையும் நட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது, மற்றவர்கள் இவ்வளவு மந்தமாக இருக்கிறார்களே என்று கவலையாகவும் இருந்தது.

பதினெட்டாம் திகதி உறைபனி விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். கன்றெல்லாம் அவித்த கீரைபோலக் கறுத்துப் படுத்துக் கிடந்தன.

பக்கத்துத் துண்டு குணவதி அக்காவினுடையது. அறுபது வயது கடந்தவர். கணவர் இறந்தபிறகும் தனியாகத் தோட்டத்தை விடாமல் நடத்துகிறவர். வரம்பில் நின்று என்னையும் கன்றுகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தன் பாத்திக்குத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் தன் வான் வண்டியிலிருந்து தட்டுத் தட்டாகக் கத்தரிக் கன்றுகளை இறக்கினார்.

"நானூறு கிடக்கு தம்பி. எனக்கு மிச்சம். நடு."

"எவ்வளவு அக்கா தர?"

"மிச்சமெண்டு சொல்லுறன், பிறகும் எவ்வளவு எண்டு கேக்கிறாய்."

அந்த நானூறு கன்றும் காய்த்தன. நிலப்பன்றி தின்றது போக, மான் மிதித்தது போக, நான் தண்ணீர்க் குழாயை மூட மறந்து அழுகவிட்டது போகக் காய்த்தன. ஓகஸ்ட் முதல் வாரத்தில் ஊதா நிறத்தில், எண்ணெய் பூசியதுபோல மினுங்கிக்கொண்டு பன்னிரண்டு பெட்டி. அவற்றை வானில் ஏற்றிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி, மில்லிக்கனில் ஸ்ரீதரனின் கடைக்குப் போனேன்.

ஸ்ரீதரன் என்னைவிட நாலைந்து வயது இளையவர். லொறி ஓட்டிய காலத்திலிருந்தே பழக்கம். பின்கதவைத் திறந்து பெட்டிகளைப் பார்த்தார்.

"நல்ல காய் அண்ணை. ஆனால் குணவதி அக்காவிட்டை எடுக்கிறனே. அவவுக்கு ஒண்டு இருபத்தைஞ்சு குடுக்கிறன். ரெண்டு பேரிட்டையும் எடுத்தால் எங்கை வைக்கிறது? ஒரு டொலர் எண்டால் பாதியை எடுக்கிறன்."

இந்த இடத்தில்தான் என் பத்தொன்பது வருட அனுபவம் வேலை செய்தது. கடைக்காரரின் மனதை நான் அறிந்தவன். ஒரு துணிச்சலான நகர்வு வேண்டும் என்று நினைத்தேன்.

"தொண்ணூறு சதத்துக்குத் தாறன். முழுக்க என்னட்டையே எடுங்கோ."

ஸ்ரீதரன் என்னை ஒரு கணம் பார்த்தார். வாங்குகிறவன் கேட்ட விலைக்கும் கீழே இறங்கிப் பேரம் பேசிய வியாபாரியை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். "சரி அண்ணை" என்று உடனே கையைக் கொடுத்தார். நானும் வென்றுவிட்ட மனிதனைப்போல் கையைக் குலுக்கினேன்.

"முழுக்க என்னட்டையே" என்றால் குணவதி அக்காவிடம் இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைக்காமல் இருப்பதற்கு வானொலியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாளைக்குப் பிறகு, குணவதி அக்காவின் துண்டின் ஓரத்தில் ஒரு குவியல் இருந்தது. கத்தரிக்காய். என்னுடையதைவிட நல்ல காய். வெயிலில் சுருங்கிப் பழுப்பு நிறமாகிக்கொண்டிருந்தது. அவர் மிளகாய்ப் பாத்தியில் குனிந்திருந்தார்.

"என்னக்கா இதைக் கொட்டி வச்சிருக்கிறியள்?"

"ஸ்ரீதரன் வேண்டாமெண்டிட்டார். ஆரோ தொண்ணூறு சதத்துக்குக் குடுக்கினமாம்." நிமிராமலே சொன்னார். "காயை ஆய்ஞ்ச கூலிகூட வராது உந்த விலைக்கு. ஆர் தம்பி உந்த விசரன்?"

"தெரியாதக்கா" என்றேன். வாய் தானாகவே சொன்னது. அவர் தந்த நானூறு கன்றும் என் முதுகுக்குப் பின்னால் காய்த்துக்கொண்டு நின்றன.

எனக்குக் கிடைத்த தண்டனை தாமதிக்கவில்லை. அடுத்த கிழமை பதினாலு பெட்டியோடு போனபோது ஸ்ரீதரன் கதவையே முழுதாகத் திறக்கவில்லை.

"அண்ணை, எழுபத்தைஞ்சுக்குத் தருகினம் இப்ப."

"ஆர்?"

"அது சொல்லக்கூடாது அண்ணை. வியாபாரம்."

பதினாலு பெட்டியையும் திருப்பி ஏற்றினேன். சனிக்கிழமை மல்வேர்னில் ஒரு பிளாசா வாசலில் வானின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இறாத்தல் இரண்டு டொலர் என்று மட்டையில் எழுதி நின்றேன். ஒரு அன்ரி வந்தார். ஒவ்வொரு காயாக எடுத்து அமுக்கிப் பார்த்தார். நாற்பது காய் அமுக்கியிருப்பார்.

"ரெண்டு டொலரோ? கடையில சேல் போட்டிருக்கே."

"இது இஞ்சை விளைஞ்சது அன்ரி. நேற்று ஆய்ஞ்சது. மருந்து அடிக்கேல்லை."

"மருந்து அடிக்காட்டிச் செலவு குறைவுதானே? ஒரு டொலருக்குத் தாரும்."

  அவருக்கு மூன்று இறாத்தலை மூன்று டொலருக்குக் கொடுத்தேன். போகும்போது ஒரு காயை மேலதிகமாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த சனியும் வருவீரோ?" என்று அன்பாகக் கேட்டார்.

அந்தக் கோடை முடிந்ததும் யோகமலர் என்னை இருத்தி, எத்தனை மணி நேரம் தோட்டத்தில் நின்றேன் என்று கேட்டாள். நான் குறைத்துச் சொன்னேன். அப்படிக் குறைத்துச் சொல்லியும், வாடகையையும் பெற்றோலையும் கழித்தால் மணிக்கு நாலு டொலர் முப்பது சதம் வந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குளிர்காலத்துக்கு எனக்குப் பாடசாலை பஸ் ஓட்டும் வேலைக்கு விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருந்தாள்.

குணவதி அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது மனதுக்குள் கிடந்து அரித்துக்கொண்டேயிருந்தது. செப்ரெம்பர் கடைசியில், அவர் பந்தல் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, போய் மறுபக்கத்துக் கம்பியைப் பிடித்தேன்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நீங்கள் சொன்ன விசரன்… அது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமோ? எப்பிடி?"

"அந்த மாசம் இந்த நிலத்தில பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டி ஏத்தினது நீ ஒருத்தன்தான். மற்ற எல்லாரும் தலையில கைவச்சுக்கொண்டு நிண்டவங்கள்."

"பிறகேன் என்னட்டை ஆரெண்டு கேட்டனீங்கள்?"

"சொல்லுறியோ எண்டு பாத்தன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த வசனங்கள் எல்லாம் மறந்துபோயின. அவர் கம்பியைச் சுருட்டிக் கட்டி, கையைத் துடைத்தார்.

"அழுமூஞ்சியை விடு. நீ பத்தொன்பது வருசம் கடைகளுக்குள்ளால போய் வந்தனி. எந்தக் கடைக்காரன் எங்கை, என்ன விலைக்கு வாங்கிறான், எவ்வளவு எறியிறான், எப்ப அவனுக்குச் சாமான் தட்டுப்பாடு எண்டு உனக்குத் தெரியும். எங்களுக்கு ஒண்டும் தெரியாது. அவன் சொல்லுறதுதான் விலை. அதை வந்து எல்லாருக்கும் சொல்லு. மன்னிப்பு வேண்டாம்."

அந்தக் குளிர்காலத்தில், மல்வேர்னில் அவருடைய வீட்டுச் சமையலறையில் நான்கு பேர் கூடினோம். குணவதி அக்கா, நான், மற்ற இரண்டு துண்டுக்காரர்களான பொன்னம்பலம் அண்ணையும் யேசுரட்ணமும். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். வெளிநாட்டுக் கத்தரிக்காய் கடைக்கு வந்து சேரும்போது என்ன விலை, அதில் பெட்டிக்கு எத்தனை அழுகல், எந்தக் கிழமையில் எது தட்டுப்படும் என்று சொல்லச் சொல்ல, அக்கா ஒரு கொப்பியில் எழுதினார். நான் இவ்வளவு தெரிந்தவன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்துகொண்டே தொண்ணூறு சதத்துக்கு விற்றவன் என்பதும் சேர்த்துத்தான்.

கடைசியில் யேசுரட்ணம் தொண்டையைச் செருமினார்.

"அந்த எழுபத்தைஞ்சு நான்தான்."

 பொன்னம்பலம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப ஸ்ரீதரன் என்னட்டை எழுபதுக்குக் கேக்க நான் ஓமெண்டது பிழையோ?"

அக்காதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அக்காவைத் தவிர மூன்று பேரும் ஒரே மனிதனிடம் ஒருவரையொருவர் தெரியாமல் வெட்டி, இறங்கி இறங்கிப் போயிருக்கிறோம். இன்னொரு மாதம் போயிருந்தால் கத்தரிக்காயோடு நாங்களே காசும் கொடுத்திருப்போம்.

இறாத்தல் ஒரு டொலர் அறுபதுக்குக் கீழே ஒருவரும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். எவ்வளவு செலவு, எவ்வளவு வேலை என்று கூட்டிப் பார்த்து வந்த விலை அது. அதில் ஒருவரும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

அடுத்த ஓகஸ்ட் வந்தது. ஸ்ரீதரன் அந்த விலையைக் கேட்டுச் சிரித்தார். நாங்கள் பெட்டி இறக்கவில்லை. மூன்று நாள் போனது. ஐந்து நாள் போனது. கத்தரிக்காய் நாங்கள் முடிவெடுப்பதற்காகக் காத்திருக்கிற காய் இல்லை. ஆயாமல் விட்டால் முற்றி விதை வைத்துவிடும். ஆய்ந்தால் வைக்க இடமில்லை. ஆறாம் நாள் நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் வானை நிரப்பிக்கொண்டு ஸ்ரீதரனின் கடைக்குப் போனேன்.

கொள்கைதான் என்னைத் தடுத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. ஸ்ரீதரன் கடையில் இல்லை. யாரையோ கூட்டிவர விமான நிலையம் போயிருந்தார். அவர் வரும்வரைக்கும் மரக்கறித் தட்டுகளுக்கு நடுவே நின்றேன். தட்டில் வெளிநாட்டுக் கத்தரிக்காய், தோல் சுருங்கி, நாலு டொலருக்குக் கிடந்தது. அரை மணித்தியாலத்துக்குள் மூன்று பேர் காசாளரிடம், "தோட்டத்துக் கத்தரிக்காய் இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டார்கள். மூன்றாவதாகக் கேட்டவர், வேறு கடையில் பார்க்கிறேன் என்று வெறுங்கையோடு வெளியே போனார்.

நானும் வெளியே வந்தேன். நேரே தோட்டத்துக்குப் போய், "வேவு பாக்கப் போனனான்" என்று சொல்லி, கண்டதை எல்லாம் சொன்னேன். நிரம்பிக் கிடந்த என் வானைக் குணவதி அக்கா எட்டிப் பார்த்தார்.

"வேவு பாக்கப் பதினாறு பெட்டியோடையோ போனனி?"

நான் வானின் பின்கதவைச் சாத்தினேன். ஆனால் செய்தி உண்மை. அதுதான் முக்கியம். ஒன்பதாம் நாள் ஸ்ரீதரன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

பேச நான்கு பேரும் போனோம். என்னை வானுக்குள் இருக்கச் சொன்னார்கள். மூவருமே சேர்ந்து எடுத்த முடிவு. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எனக்கும் கடை வாடகை ஏறிப்போச்சு. மின்சாரம், ஆக்கள் சம்பளம், எறியிற சாமான். எல்லாம் நான்தானே பாக்கவேணும்?" என்றார் ஸ்ரீதரன். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் கடையின் குப்பைப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

"ஓம் தம்பி, விளங்குது. ஆனால் உம்மட வாடகையை நாங்கள் கத்தரிக்காயால கட்ட ஏலாது. எங்கட காயில அழுகல் இல்லை. நீர் பத்துப் பெட்டி எடுத்தால் பத்துப் பெட்டியும் விப்பீர். அந்த எறியிற காசை எங்களுக்குத் தாரும்."

ஸ்ரீதரன் கதவில் சாய்ந்துகொண்டார். "ஒண்டு ஐம்பது" என்றார்.

"ஒண்டு ஐம்பத்தைஞ்சு. பெட்டியை நாங்களே உள்ளுக்குக் கொண்டுவந்து அடுக்குவம்."

முடிந்தது. அடுக்கும் வேலைக்கு என்னை வானிலிருந்து இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடுகளுக்குப் பை கொடுக்கத் தொடங்கினோம். வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து, கத்தரி, பயித்தை, மிளகாய், பாவற்காய் என்று நான்கு தோட்டத்தினதையும் கலந்து ஒரு பை. முதலில் பதினொரு வீடு. இப்போது மல்வேர்னிலும் மோர்னிங்சைட்டிலுமாக எழுபது. அதில்தான் கையில் ஏதாவது மிஞ்சுகிறது. பை கொண்டுபோவது என் பொறுப்பு. என் இரண்டு ஏக்கரில் ஒன்றை யேசுரட்ணத்திடம் கொடுத்துவிட்டேன். நான் தோட்டத்தில் குறைவாக நின்றால் விளைச்சல் கூடுகிறது என்பதை மூன்று பேரும் மரியாதையான வார்த்தைகளில் எனக்கு விளக்கியிருந்தார்கள். யோகமலர் சென்ற வருடம் மறுபடி கணக்குப் பார்த்தாள். மணிக்குப் பதினொரு டொலர். பஸ் ஓட்டுவதில் இதைவிடக் கூடக் கிடைக்கிறது. "முன்னேற்றம்தான்" என்றாள். பஸ் வேலையை விடச் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில் கட்டடக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருடம் நிலம் இல்லை. வீடு கட்டத் தொடங்குகிறார்கள். நான்கு பேரும் கடிதத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றி வாசித்தோம். அதில் இரண்டு வரிதான் இருந்தது. பொன்னம்பலம் அண்ணை மட்டும் மூன்றுதரம் வாசித்தார்.

கோடை முழுவதும் தேடி, உக்ஸ்பிரிட்ஜ் தாண்டி ஒரு நிலம் கண்டுபிடித்தோம். சொந்தக்காரி மார்கரெட் என்ற எழுபது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. சோளமும் சோயாவும் போட்டு, விற்பனை விலை விதை வாங்கிய காசுக்கே காணாமல், மாடுகளையும் விற்றுவிட்டு, மிச்ச நிலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர். தன் கொட்டிலைக் காட்டும்போது, தன்னுடைய சோளத்துக்கு யார் விலை வைக்கிறார்கள் என்று நாற்பது வருடமாகத் தனக்கே தெரியாது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா தலையை ஆட்டி, "கேட்டுப் பார் தம்பி, அவவுக்கும் ஒரு ஸ்ரீதரன் இருக்கிறாரோ எண்டு" என்றார். அதை எப்படி மொழிபெயர்ப்பதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

என்ன பயிர் செய்வீர்கள் என்று மார்கரெட் கேட்டார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு பாவற்காயை எடுத்துக் கொடுத்தார். சமைத்துச் சாப்பிடுவது என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் வெள்ளரிக்காயைப்போல ஒரு கடி கடித்துவிட்டார். மென்றார். கண் கலங்கியது. ஆனால் துப்பவில்லை. விழுங்கிவிட்டு, இதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். "இருக்கினம் எண்டு சொல்லு. விலைதான் பேசவேணும்" என்றார் அக்கா.

ஐந்து வருடத்துக்கு எழுதிக் கையெழுத்து வைத்தோம். நான்கு பேருடைய பெயரும் ஒரே தாளில். ஒக்டோபரில் முதல் வேலையாக, அடுத்த கோடைக்கு உள்ளிப் பல் ஊன்றினோம். என்னுடைய வரிசை மட்டும் நடுவில் கொஞ்சம் வளைந்து போய்விட்டது. யேசுரட்ணம் கயிறு கட்டித்தான் தந்தார். நான் பாதியில் கயிற்றின் பிழையான பக்கத்துக்குப் போய் ஊன்றியிருக்கிறேன்.